நாற்காலிப் பயிற்சி வகுப்பு: வாரா வாரம் புதுசு வேண்டாம்

முதியவர்களுக்கு உட்கார்ந்தபடி உடற்பயிற்சி நடத்துபவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். சலிப்புத் தட்டிவிடுமே என்று பயந்து ஒவ்வொரு வாரமும் புது அசைவுகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வந்திருப்பவர்களுக்கு அதைப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும். உடம்புக்கு வேலை கிடைக்காது. போன வாரத்தைவிட முன்னேறினோமா என்பதும் தெரியாது. பத்து அசைவு போதும். அதையே எட்டு வாரம் செய்யுங்கள். புதுமை வேண்டுமென்றால் கடைசிப் பத்து நிமிட விளையாட்டில் வையுங்கள்.

2020-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் சமநிலையும் தசை வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது. வாரம் ஒரு வகுப்பு அதற்குக் காணாது. மீதி இரண்டு நாள் அவர்களே வீட்டில் செய்ய வேண்டும். மனதில் நிற்கும் அசைவைத்தானே வீட்டில் செய்ய முடியும்?

முதல் நாளுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிடுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் பலர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார்கள். நெஞ்சுவலி வந்ததுண்டா, தலைசுற்றல் உண்டா, கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா, எலும்பு மெலிந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னாரா, இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறதா, என்னென்ன மாத்திரை? நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் மருத்துவர் சம்மதம் வராமல் சேர்க்காதீர்கள். மாத்திரைப் பட்டியலில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கிற பீட்டா பிளாக்கர். இதைச் சாப்பிடுபவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. நாடியை எண்ணி அளவு பார்ப்பது வீண். இன்னொன்று, இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரை. பயிற்சி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிட வாய்ப்புண்டு.

நாற்காலியில் கஞ்சத்தனம் கூடாது. சக்கரம் வைத்தது, மடக்கு நாற்காலி, பிளாஸ்டிக் இலகு நாற்காலி மூன்றும் வேண்டாம். இருக்கை தரையிலிருந்து 43 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பலருக்கும் ஒத்துவரும். உயரமானவருக்கு அது தாழ்வு. கெட்டியான மெத்தைத்துண்டு ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். குள்ளமானவருக்குக் கால் தொங்கினால் கீழே அகலமான, நழுவாத பலகை வையுங்கள். எழுந்து நிற்கும் பயிற்சிக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு பிரேக் போட்டாயிற்றா, கால்தாங்கியை மடக்கியாயிற்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் அடுத்தவர் மேல் படாத இடைவெளி வேண்டும். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டு சமாளிப்பது கஷ்டம்.

45 நிமிடத்தைப் பிரிக்கும் விதம்: பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க, இருபது நிமிடம் முக்கியப் பயிற்சி, பத்து நிமிடம் விளையாட்டு, ஐந்து நிமிடம் ஆற. இந்த ஐந்தை வெட்டாதீர்கள். உழைத்த கால் தசைகளில் ரத்தம் தங்கியிருக்கும்போது சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

முக்கியப் பயிற்சியில் ராஜா, உட்கார்ந்து எழுவது. பத்தில் ஒன்பதை விட்டாலும் இதை விடக்கூடாது. கழிப்பறையில், கட்டிலில், வண்டியில் என்று நாள் முழுக்கத் தேவைப்படுகிற அசைவு இது. முதலில் உட்கார்ந்தபடியே இருபது தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். எழும்போது தலைசுற்றல் குறையும். பிறகு இருக்கையின் முன்பாதிக்கு நகர வேண்டும். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, தரையை அழுத்தி, மூச்சை விட்டபடி எழ வேண்டும். நின்று ஒரு மூச்சு. இறங்கும்போது மூன்று எண்ணிக்கை.

எங்கே தப்பும்? பாதம் முன்னால் நீண்டிருந்தால் பாதி எழுந்து பொத்தென்று பின்னால் விழுவார்கள். பலம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் பாதத்தைப் பாருங்கள். முழங்கால் இரண்டும் உள்ளே வளைந்தால் தொடைகளைச் சற்று அகட்டச் சொல்லுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் எகிறும். சத்தமாக எண்ணச் சொன்னால் மூச்சு தானாக வெளியே வரும். எல்லாவற்றையும்விட மோசம், இறங்கும்போது தொப்பென்று உட்காருவது. எலும்பு மெலிந்தவருக்கு அந்த அதிர்ச்சியிலேயே முதுகெலும்பு நசுங்கக்கூடும்.

ஒரே அசைவை நான்கு படியாக வைத்துக்கொண்டால் வகுப்பில் எல்லோரும் சேர்ந்தே செய்யலாம். பின்புறத்தை இருக்கையிலிருந்து இரண்டு விரல் அளவு தூக்குவது முதல் படி. கைப்பிடியை அழுத்தி எழுவது இரண்டாவது. கையை மார்பில் குறுக்கே கட்டி எழுவது மூன்றாவது. அதையே ஐந்து எண்ணி இறங்குவது நான்காவது. எட்டு தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. இரண்டு வகுப்பு தொடர்ந்து பன்னிரண்டு சுலபமாக வந்தால் அடுத்த படி. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் முன்னால் எவ்வளவு குனியலாம் என்பதை அவரவர் மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொன்னபடிதான்.

முதல் வாரமும் எட்டாவது வாரமும் 30 விநாடியில் எத்தனை முறை கைகட்டி எழுகிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12-க்குக் கீழும் பெண்கள் 10-க்குக் கீழும் எழுந்தால் சராசரிக்குக் குறைவு. விழும் அபாயம் இருக்கிறது. கையை ஊன்றி எழுந்தால் எண்ணிக்கை பூஜ்யம்தான். 'ஆறிலிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டீர்கள்' என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் புது அசைவும் தராத உற்சாகம் முகத்தில் தெரியும்.

உழைப்பின் அளவுக்குப் பேச்சுதான் அளவுகோல். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வழக்கமாகக் கலகலப்பாகப் பேசுபவர் திடீரென்று அமைதியானால் உடனே போய்ப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை என்றால் பயிற்சியை நிறுத்தி ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. சர்க்கரை நோயாளி நடுங்கி, குழம்பிப் பேசினால் சர்க்கரையைச் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, சோதிக்கக் கருவி இல்லை என்றாலோ, நினைவுடன் இருப்பவருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

இனி விளையாட்டு. வட்டமாக உட்கார்ந்து பலூன் தட்டுவதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. மெதுவாக வருவதால் கண்ணும் கையும் ஈடுகொடுக்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை இருப்பவர் ஒருவர் இருந்தாலும் பலூனை மறந்துவிட்டுக் காற்றடைத்த கடற்கரைப் பந்துக்கு மாறுங்கள். சுவரின் நிறத்தோடு கலந்துவிடாத, பளிச்சென்ற நிறம் வேண்டும். ஆபத்து பலூனில் இல்லை, அது தரையில் விழும் நொடியில் இருக்கிறது. அனிச்சையாக யாராவது பக்கவாட்டில் குனிந்து எட்டுவார்கள்; அப்படியே நாற்காலியோடு சாய்வார்கள். 'கீழே விழுந்தது உதவியாளருடையது' என்பதை விளையாட்டு விதியாகவே அறிவித்துவிடுங்கள். கையில் இரண்டு பலூன் உபரியாக இருந்தால் விழுந்ததை யாரும் தேடமாட்டார்கள். பக்கவாதத்தால் ஒரு கை வராதவரை, நல்ல கை இருக்கும் பக்கம் பலூன் அதிகம் வருகிற மாதிரி உட்கார வையுங்கள். விளையாட விருப்பமில்லாதவருக்கு எண்ணிக்கை சொல்லும் வேலை. வற்புறுத்தினால் அடுத்த வாரம் வரமாட்டார்.

பாட்டு போடுவதென்றால் விளக்கம் சொல்லும்போது நிறுத்திவிடுங்கள். காதுக்கருவி போட்டவர்களுக்கு இசையும் பேச்சும் சேர்ந்தால் வெறும் இரைச்சல். நீங்கள் எதிரே நின்று 'வலது கை' என்று சொல்லும்போது உங்கள் இடது கையைத் தூக்குங்கள். கண்ணாடி பார்ப்பதுபோல் பின்பற்றுவார்கள். நினைவு மங்கியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒரே கட்டளை.

முடிந்ததும் எல்லோரும் கிளம்பும் முன் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்: யார் எந்தப் படி, எத்தனை தடவை, எங்கே வலித்தது, யார் வரவில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து வராதவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். 'ஏன் வரவில்லை' என்று கேட்டால் ஏதாவது சாக்கு வரும். 'போன தடவை செய்ததற்கப்புறம் எங்காவது வலித்ததா' என்று கேளுங்கள்.