அரைக் குளிசைக்கு ஆறு மாதம்

அம்மாவுக்கு 68 வயது. சீனி வருத்தம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, பிரஷர் அதற்கும் முந்தியது. கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் தம்பி, பெற்றோர் நீண்ட காலம் வந்து நிற்கக்கூடிய சுப்பர் விசாவுக்கு அழைத்திருக்கிறான். அதற்குக் குறைந்தது ஒரு வருடத்துக்கு, 100,000 கனடா டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். காசைக் கட்டினால் சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் கதைத்த முகவர், "வருத்தம் ஒன்றும் இல்லை என்று போடுங்கோ அக்கா, மலிவாக வரும்" என்றார். அங்கே ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு பழைய பதிவுகளைக் கேட்பார்கள், அம்மாவின் கிளினிக் கொப்பியில் முதல் பக்கத்திலேயே சீனி மருந்தான மெட்ஃபோர்மின் என்று எழுதிக் கிடக்கிறது. மறைத்தது தெரிந்தால் சீனிக்கு மட்டுமில்லை, வழுக்கி விழுந்து கால் முறிந்தாலும் காசு தராமல் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யலாம். வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் வேறொருவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஏற்கனவே உள்ள வருத்தங்களையும் சேர்க்கும் ஒப்பந்தம் ஒன்று பார்த்தோம். விலை கூடத்தான். வெள்ளவத்தை வீட்டு மேசையில் வைத்துப் பொடி எழுத்தை வாசித்துக்கொண்டு போனால், நடுவில் 'ஸ்டேபிள்' என்று ஒரு சொல். காப்புறுதி தொடங்குவதற்கு முந்தைய 180 நாட்களில் புது மருந்து, புது அறிகுறி எதுவும் இருக்கக் கூடாதாம், டோஸும் மாறியிருக்கக் கூடாதாம். கூடினாலும் மாற்றம், குறைந்தாலும் மாற்றம். டோஸ் குறைந்தால் சுகமாகிறது என்று நாங்கள் சந்தோஷப்படுவோம், அவர்கள் கணக்கு வேறு. சில நிறுவனங்கள் 90 நாள் கேட்கும், அம்மாவின் வயதுக்கு எங்களுக்குக் கிடைத்தது 180 தான்.

ஓகஸ்ட் வரை அம்மா பிரஷருக்குப் போடும் லொசார்டன் 50 குளிசையைக் காய் வெட்டும் கத்தியால் இரண்டாக்கி, ஒரு பாதியைப் போட்டுக்கொண்டு மறு பாதியைப் போத்தலிலேயே திருப்பிப் போட்டுவிடுவார். டொக்டர் முழுதாகப் போடச் சொல்லிவிட்டார். "அரைக் குளிசையை முழுசாக்கினதுக்கு இவ்வளவு கதையோ?" என்று கேட்டார் அம்மா. நவம்பரில் போயிருந்தால் பிரஷரால் வரும் எதற்கும் ஒரு சதமும் கிடைத்திருக்காது.

பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளிவிட்டோம், தம்பிக்குக் கோபம். இதற்கிடையில் அம்மா கிளினிக்கில், "மார்ச் வரைக்கும் என்ரை குளிசையளைத் தொடாதேங்கோ டொக்டர்" என்று சொல்லி நல்ல ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.