ஜூன் 1-இல் பிறந்தவர்கள்

நம் வகுப்பில் பாதிப்பேருக்குப் பிறந்தநாள் ஜூன் 1, ஞாபகம் இருக்கிறதா? ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆச்சு என்று கணக்கு, வாத்தியார் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தையே பிறந்த மாதமாக எழுதிவிடுவார். நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தேன் என்பது மட்டும்தான் என் அம்மாவுக்குத் தெரியும். சான்றிதழில் நானும் ஜூன் 1.

அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை, கபடிக்குப் போகும்வரை. தேவிபட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பையன் ஒருவன் நம்மோடு படித்தானே, நல்ல ரெய்டர். கை நீளம் என்பதால் நாலு வயதிலேயே காதைத் தொட்டுச் சேர்ந்தவன். பத்தாவது வந்ததும் சான்றிதழ்படி ஜூனியர் வயது தாண்டிவிட்டது, நிஜத்தில் அவனுக்கு 13. ராமநாதபுரத்தில் நடந்த போட்டியில் 17 வயதுக்குட்பட்ட சீனியர் பிரிவில் இறக்கினார்கள். எதிரணியில் மீசை முளைத்த அண்ணன்மார் நாலு பேர் சேர்ந்து அமுக்கியதில் தோள் இறங்கிவிட்டது. அப்புறம் அவன் கபடிப் பக்கமே வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், என் மகன் இங்கே அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில் லக்ராஸ் ஆடுகிறான். நுனியில் வலை கட்டின கம்பால் கெட்டிப் பந்தைப் பிடித்து எறிகிற ஆட்டம், இந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. 2004-இல் மேரிலாந்து இதைத் தன் மாநில அணி விளையாட்டாக அறிவித்தது, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் வருகிறது. இந்த ஆட்டத்துக்கான தேசிய அமைப்பான யுஎஸ்ஏ லக்ராஸ் செப்டம்பர் 1-ஐ எல்லையாக வைத்து, பிறந்த தேதிப்படி பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்கிறது. ஆனால் பல கிளப்புகள் பள்ளி முடிக்கும் ஆண்டை வைத்துத்தான் அணி சேர்க்கின்றன, கல்லூரிப் பயிற்சியாளர்கள் அந்த ஆண்டுக் கணக்கில்தான் ஆள் தேடுகிறார்கள் என்பது காரணம். இதனால் சில பெற்றோர் பையனை எட்டாவதில் இன்னொரு வருஷம் படிக்க வைக்கிறார்கள். 13 வயதுப் பிள்ளைக்கு எதிரே தோள் விரிந்த 15 வயதுப் பையன் வந்து நிற்கிறான். நமக்காவது தேதியே தெரியாது, இங்கே ஆஸ்பத்திரியில் நிமிஷம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள், இருந்தும் இந்த அநியாயம்.

பிறந்த தேதியைப் பார்த்து, கூடப் படிக்கிற பிள்ளைகளைப் பிரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எட்டு வயதில் சரி, சேர்ந்தே ஆடட்டும், அந்த வயதில் உடம்பால் மோத விடமாட்டார்கள். மோதலாம் என்று விதி தளரும் வயது வந்தபின் பிறந்த தேதி ஒன்றுதான் கணக்காக இருக்க வேண்டும். அந்த வயதில் ஒரே வருஷத்தில் ஒரு பையன் நாலு விரல்கடை வளர்ந்துவிடுகிறான்.

நம் சங்கத்தின் கோடை ஒன்றுகூடலில் பிள்ளைகளுக்குக் கபடி வைக்கும்போது எந்த வகுப்பு என்று கேட்காதீர்கள், பிறந்த தேதியைக் கேட்டு, எடையும் பார்த்துப் பிரியுங்கள். பட்டியல் போடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், முந்தின நாளே வந்துவிடுவேன்.