பிளக்கைக் கழற்றிப் பாருங்க

நேத்து ராத்திரி காக்கி புக்கிட்ல நண்பரோட பட்டறையில என் கோ-கார்ட்டின் (சின்ன ரேஸ் வண்டி) ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனி கன்னங்கரேல்னு, விரல்ல மையா ஒட்டுது. காத்தைவிட பெட்ரோல் கூடுதலா போகுதுன்னு அர்த்தம். நம்ம சிங்கப்பூர்க் காத்துல ஈரம் அதிகம், அதனால ஆக்சிஜன் கொஞ்சம் குறையும். வறண்ட ஊருக்குப் போட்ட ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற சின்னத் துளை) இங்கே சரிவராது.

பிளக் நுனி பால் காப்பி நிறத்துல இருந்தா நிம்மதி. வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம்; அதுக்கு மேல ஓட்டாதீங்க, பிஸ்டன் உருகிடும். போன வருஷம் எனக்கு அப்படிப் போச்சு. இன்னும் மனசு ஆறல.

புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்களே, டூ ஸ்ட்ரோக் இஞ்சின்ல ஆயில் கலக்காம ஒரு சுத்துகூட போகாதீங்க. 50-க்கு 1 கலவைன்னா 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. ஓடின மணி நேரத்தை நோட்டுல எழுதி வைங்க. ஏர் ஃபில்டர், செயின் எல்லாம் ஒவ்வொரு தடவையும் பாருங்க.

ஞாயிறு காலையில பட்டறைக்கு வாங்க, என் பழைய பிளக்குகளை வரிசையா வச்சுக் காட்டுறேன்.