மணலில் படுத்தபடி ஒரு காலை

நேற்று அமாவாசை. இன்று கடல் நன்றாக உள்வாங்கும் என்று தெரிந்ததால் விடிவதற்கு முன்பே கேமராவோடு கரைக்குப் போய்விட்டேன்.

இருட்டு விலகும் நேரத்தில் முதலில் பாறைகள். முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 2 விநாடி. அலை பஞ்சு மாதிரி பதிவாகும். ஆனால் திரும்பிப் போகும் ஒவ்வொரு அலையும் முக்காலியின் காலடி மணலை அரித்துக்கொண்டே போகிறது. பாதிப் படங்கள் ஆடிப்போயின. கால்களை ஆழமாக அழுத்தி ஊன்றிய பிறகுதான் சரியானது.

அப்புறம் வந்தன கல்திருப்பி உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள், ஆறு. நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் மணலும்தான் கிடைக்கும். ஈர மணலில் குப்புறப் படுத்தேன், லென்ஸ் அவற்றின் கண் உயரத்துக்கு வந்தது. ஷட்டர் 1/2000 விநாடி. நான் நெருங்கவில்லை, இரை தேடிக்கொண்டு அவையாகவே பக்கத்தில் வந்தன. ஒன்று கிளிஞ்சலுக்கு அடியில் அலகை நுழைத்து, நெம்பி, ஒரே புரட்டு! அடியில் ஒளிந்திருந்த எதையோ கொத்தி விழுங்கியது. பெயர் வைத்தவருக்கு ஒரு சலாம்.

அதே நொடியில் லென்ஸ் மேல் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர். சட்டை நுனியால் துடைக்கக் கை பரபரத்தது. மணல் ஒட்டியிருந்தால் கண்ணாடியில் கீறல் விழும், அடக்கிக்கொண்டேன். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுப்பதற்குள் பறவைகள் அடுத்த பாறைக்குப் போய்விட்டன.

280 படங்களில் தேறியது நான்கு. அதில் ஒன்றில் கிளிஞ்சல் அந்தரத்தில் நிற்கிறது. முழங்கையில் மணல் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது.