முப்பது பேரை வாங்கியது தப்பா? நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டின் முதல் சீசன் கணக்கு

இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு எந்த அணி ஏறி வந்தாலும் ஆகஸ்ட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: "இவங்களும் ஃபாரஸ்ட் மாதிரி வாங்கித் தள்ளப் போறாங்க." நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 23 வருஷம் கழித்து மேல் டிவிஷனுக்கு வந்த 2022 கோடையில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை எடுத்தது. ஜனவரியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 30. அன்றைக்கு இது பெரிய கேலிப் பொருள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. தப்பு நடந்தது உண்மைதான், ஆனால் அது எண்ணிக்கையில் இல்லை.

2022 மே 29, வெம்ப்ளி. மேலே ஏறப்போவது யார் என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 என்று ஜெயித்த அந்தப் பதினொருவரைப் பாருங்கள். வலது விங் பேக் ஜெட் ஸ்பென்ஸ் மிடில்ஸ்ப்ரோவின் ஆள். நடுக்களத்தில் ஜேம்ஸ் கார்னர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சொந்தம். முன்னால் சின்கர்நாகல் வாட்ஃபோர்டு, கீனன் டேவிஸ் ஆஸ்டன் வில்லா. நாலு பேருமே லோன். இரவல் நகை போட்டு நடந்த கல்யாணம் அது. மறுநாள் காலையில் நகையெல்லாம் திரும்பப் போய்விட்டது. அரையிறுதியில் ஷெஃபீல்டு யுனைடெட்டின் மூன்று பெனால்டிகளைத் தடுத்த கோல்கீப்பர் சாம்பாவும் பிரான்ஸின் லான்ஸ் கிளப்புக்குக் கிளம்பிவிட்டார். அனுபவமுள்ள ஸ்ட்ரைக்கர் கிராபனின் ஒப்பந்தமும் முடிந்தது. ஆக, ஏறிய அணியில் பாதி ஜூலையில் இல்லவே இல்லை.

அதனால் புதிதாக ஏறிய அணியின் டிரான்ஸ்ஃபரை எடை போடும்போது "எத்தனை பேரை வாங்கினார்கள்" என்று கேட்பதற்கு முன்னால் "ஏறிய பதினொருவரில் எத்தனை பேர் சொந்த ஆட்கள்" என்று கேட்க வேண்டும். அணியை அப்படியே வைத்துக்கொண்டு ஏறும் கிளப்புக்கு ஆறேழு பேர் போதும். ஃபாரஸ்ட்டுக்குப் போதாது.

சரி, எங்கே சறுக்கியது? பிரீமியர் லீக்கில் பதிவுப் பட்டியல் 25 பேர். அதில் உள்நாட்டில் வளர்ந்தவர் என்ற தகுதி இல்லாதவர்கள் அதிகபட்சம் 17. இந்தத் தகுதிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. 21 வயதுக்குள் மூன்று சீசன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகியிருந்தால் எந்த நாட்டுக்காரருக்கும் அது உண்டு. 21-க்கு உட்பட்ட பையன்கள் பட்டியலுக்கு வெளியே, எத்தனை பேர் வேண்டுமானாலும். லீக்கின் மற்ற கிளப்புகளிடமிருந்து ஒரே நேரத்தில் இரண்டு லோன் மட்டுமே. வெளிநாட்டு லோன் இந்தக் கணக்கில் வராது. டீன் ஹெண்டர்சன் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து, கிறிஸ் வுட் நியூகாசிலிலிருந்து: இரண்டு இடமும் போயிற்று. ஹெண்டர்சன் காயம்பட்டதும் வந்த கெய்லர் நவாஸ் பாரிஸிலிருந்து வந்ததால் சிக்கல் இல்லை. இன்னொன்று, லோனில் வந்தவர் தாய் கிளப்புக்கு எதிராக ஆட முடியாது. முதல் கீப்பரையே உள்நாட்டு லோனில் எடுத்தால், வருஷத்தில் இரண்டு ஆட்டத்துக்கு மாற்றுக் கீப்பர் என்பதையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

முப்பது பேரை 25-க்குள் அடைத்தால் யாராவது வெளியே நின்றுதான் ஆக வேண்டும். லூயிஸ் ஓ'பிரையன் ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்து ஆகஸ்ட்டில் தொடர்ந்து ஆடியவர். ஜனவரியில் டனிலோவும் ஷெல்வியும் நடுக்களத்துக்கு வந்ததும் இவரை பிளாக்பர்னுக்கு லோனில் அனுப்ப ஏற்பாடு. கடைசி நாள் காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, லோன் ரத்து. ஃபாரஸ்ட்டின் பட்டியலிலும் பெயர் இல்லை. இரண்டு பக்கமும் கதவடைத்து நின்ற மனிதர், கடைசியில் அமெரிக்காவின் டி.சி. யுனைடெட்டுக்குப் போனார். ரென் கிளப்பிலிருந்து லோனில் வந்த லோயிக் பாடே ஒரு நிமிஷம்கூட ஆடாமல் ஜனவரியில் திரும்பினார். அதே சீசனில் செவியாவோடு யூரோப்பா லீக் கோப்பை வாங்கினார். பயர்னிலிருந்து வந்த ஒமர் ரிச்சர்ட்ஸைக் காயம் விடவில்லை. லிங்கார்டுக்கு டிரான்ஸ்ஃபர் தொகை பூஜ்யம், லீக் கோலும் பூஜ்யம். "ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்" என்று சொன்னால் சம்பளம் ஃப்ரீ இல்லை என்பதை ரசிகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு தட்டில் அவோனியி, கிப்ஸ்-ஒயிட், டனிலோ, பிலிப்பே. இந்த நாலு பேர் இல்லாமல் அந்த அணி கீழே இறங்காமல் பிழைத்திருக்காது. முப்பதில் ஏழெட்டு தேறினாலே போதும் என்பதுதான் அந்தத் திட்டம். வீண் செலவு நிறைந்த திட்டம், மறுக்கவில்லை.

அணி பிழைத்தது மேனேஜராலா என்ற சண்டைக்கு வருவோம். 2021-22 சீசனின் முதல் 7 ஆட்டத்தில் 1 புள்ளியோடு ஃபாரஸ்ட் அடியில் கிடந்தது. ஸ்டீவ் கூப்பர் அந்த செப்டம்பரில் மேனேஜராக வந்தார். அந்த அணியை அதே சீசனில் மேலே ஏற்றியவர். ஆனால் 2022 அக்டோபர் 3-இல் லெஸ்டரிடம் 4-0 என்று உதை வாங்கி, வரிசையாக ஐந்தாவது தோல்வி. எல்லோரும் வேலை போய்விட்டது என்று முடிவுகட்டிய அதே வாரம் 2025 வரை புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் லிவர்பூலை 1-0 என்று ஜெயித்தது அணி.

கூப்பரைக் குறை சொன்னவர்களிடம் ஒரு நல்ல பிடி இருந்தது: வெளியூர் ஆட்டம். 19 ஆட்டத்தில் ஒரே வெற்றி, சவுதாம்ப்டனில். ஐந்து டிரா, 13 தோல்வி, மொத்தம் 8 புள்ளி. சொந்த மைதானத்தில் 8 வெற்றி, 6 டிரா, 5 தோல்வி, 30 புள்ளி. கூட்டினால் 38, 16-ஆம் இடம். பின்வாங்கி நின்று, பந்து கிடைத்ததும் பிரென்னன் ஜான்சனை ஓடவிடும் ஆட்டம் இது. அதற்கு எதிரணி முன்னேறி வர வேண்டும். முன்வரிசை ஒரு பந்தையாவது பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்ட்ரைக்கர் அவோனியி காயத்தில் இருந்த மாதங்களில் அந்த இரண்டாவது வேலையைச் செய்ய ஆளில்லை. அவர் திரும்பியதும் மே மாதத்தில் சவுதாம்ப்டனுக்கு எதிராக இரண்டு, செல்சிக்கு எதிராக இரண்டு, ஆர்சனலுக்கு எதிராக ஒன்று என்று மூன்று ஆட்டத்தில் ஐந்து கோல். மே 20-இல் ஆர்சனலை 1-0 என்று ஜெயித்துப் பிழைத்தார்கள். மேனேஜரின் மூளையா, ஸ்ட்ரைக்கரின் காலா என்ற சண்டைக்கு என் ஓட்டு காலுக்கே.

கூட்டம். டிரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சிட்டி கிரவுண்டில் 30 ஆயிரத்துக்குச் சற்று மேல் இருக்கை. அந்த சீசன் முழுக்க நிறைந்தே கிடந்தது. இங்கே இரண்டு எச்சரிக்கை. அறிவிக்கும் எண்ணிக்கை பொதுவாக விற்ற டிக்கெட்; வந்து உட்கார்ந்த தலைகள் அல்ல. சீசன் டிக்கெட்காரர் வீட்டில் தூங்கினாலும் கணக்கில் இருப்பார். அடுத்தது, சின்ன மைதானம் நிரம்புவதையும் பெரிய மைதானத்தில் கொஞ்சம் காலியாக இருப்பதையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. லூட்டன் கிளப்பின் மைதானமான கெனில்வொர்த் ரோடில் சுமார் 12 ஆயிரம் பேர்தான் கொள்ளும். வெளியூர் ரசிகர்களுக்கு அதிகபட்சம் 3,000 இடம், அல்லது மைதானத்தில் பத்தில் ஒரு பங்கு, எது குறைவோ அது. அவர்களுக்கு டிக்கெட் விலை உச்சவரம்பு 30 பவுண்டு.

பணமாகப் பார்த்தால் கூட்டம் சின்ன விஷயம். 30 ஆயிரம் இருக்கை, 19 ஆட்டம், தலைக்குச் சராசரி 30 பவுண்டு என்று வைத்தாலும் 1.71 கோடி பவுண்டுதான். கடைசி இடம் பிடித்தாலே லீக்கின் ஒளிபரப்புப் பங்கு சுமார் 10 கோடி. ஆனால் 38-இல் 30 புள்ளி எங்கே வந்தது என்று மேலே பார்த்தோமே.

பில் பிறகு வந்தது. மூன்று வருஷத்தில் ஒரு கிளப் எவ்வளவு நஷ்டப்படலாம் என்பதற்கு அன்றைக்கு ஒரு வரம்பு இருந்தது. பிரீமியர் லீக் வருஷத்துக்கு 3.5 கோடி பவுண்டு, இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப் வருஷத்துக்கு 1.3 கோடி. ஃபாரஸ்ட்டுக்கு இரண்டு கீழ் வருஷம், ஒரு மேல் வருஷம், 6.1 கோடி. மூன்று வருஷமும் மேலே இருந்தவர்களுக்கு 10.5 கோடி. டிரான்ஸ்ஃபர் தொகை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரிந்து ஏறும்: கிப்ஸ்-ஒயிட்டின் 2.5 கோடி ஐந்து வருஷத்தில் ஆண்டுக்கு 50 லட்சம். விற்பனை லாபமோ ஒரே அடியாக ஏறும். சொந்த அகாடமிப் பையன் என்றால் விற்ற பணம் முழுக்க லாபம். பிரென்னன் ஜான்சன் அப்படிப்பட்டவர். டாட்டன்ஹாம் அவருக்கு 4.75 கோடி கொடுத்தது, 2023 செப்டம்பர் 1-இல். கணக்கு மூடியது ஜூன் 30. வரம்பை மீறியது 3.45 கோடி. அந்த விற்பனை இரண்டு மாதம் முன்னால் நடந்திருந்தால் வழக்கே இல்லை. காத்திருந்ததால் நல்ல விலை கிடைத்தது என்று கிளப் வாதாடியது, வழக்கை விசாரித்த கமிஷன் ஏற்கவில்லை. ஆறு புள்ளியில் தொடங்கி, ஒப்புக்கொண்டதற்கும் ஒத்துழைத்ததற்கும் இரண்டைக் கழித்து, 2024 மார்ச்சில் நாலு புள்ளி வெட்டினார்கள்.

அதற்குள் கூப்பரும் இல்லை. 2023 டிசம்பரில் அவர் இடத்துக்கு நூனோ வந்துவிட்டார். அந்த சீசன் ஃபாரஸ்ட் வெட்டுக்குப் பிறகு 32 புள்ளி, 17-ஆம் இடம். அடுத்த இடத்தில் இறங்கிய லூட்டன் 26. கூடவே ஏறிய பர்ன்லியும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் அதற்கும் கீழே.