மகளுக்குக் கிடைத்த சனிக்கிழமைத் தமிழ்

கனடாவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் மதிய இடைவேளை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் வந்து, ஒடியல் கூழுக்கு இங்கே என்ன மீன் போடுகிறாய் என்று விசாரித்தார். திலாப்பியா என்றேன். ‘அதைப் போட்டுவிட்டுக் கூழ் என்று சொல்லாதே பிள்ளை’ என்று தொடங்கியவர் நண்டு, இறால், திருக்கை என்று பாசையூர்ச் சந்தை முழுவதையும் சொல்லி முடித்துத்தான் ஓய்ந்தார். நான் சிரித்தபடி போனை வைத்தேன்.

எதிரே கரட் சீவிக்கொண்டிருந்த வேலைத் தோழி கேட்டார்: “அம்மாவோடு எப்போதும் உங்கள் மொழியில்தான் கதைப்பாயா?” ஓம் என்றேன். “எனக்கு அது வாய்க்கவில்லை” என்றார்.

அவர் கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான ஒஜிப்வே இனப் பெண், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். ஹியூரன் ஏரிப் பக்கம் ஸ்பானிஷ் என்றொரு ஊர். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலை அங்கே இருந்தது. அதற்குத்தான் அவருடைய அம்மாவைச் சிறுமியாகக் கொண்டுபோனார்கள். சொந்த மொழியில் வாய் திறந்தால் அடி. அந்தப் பயம் வளர்ந்த பிறகும் போகவில்லை. தன் பிள்ளைகளுக்கு ஒரு சொல்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லையாம். “எங்களை ஏசுவதுகூட இங்கிலீஷில்தான்” என்றார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை.

இந்த நாடு எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. ஸ்காபரோவில் வீடு, பக்கத்திலேயே முருங்கைக்காயும் தட்டைவடையும் விற்கிற கடைகள், பனி கொட்டினால் சவளை எடுத்துக்கொண்டு போய் வழித்துவிட்டு வந்து பிளேன்ரீ குடிக்கிற பக்குவம் எல்லாம் வந்துவிட்டது. குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த நூலில் வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. 2008-இல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார் என்பது வரை மனப்பாடம் செய்திருந்தேன். அந்தப் பத்தியில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தியின் மகள்தான் எனக்கு முன்னால் கரட் சீவிக்கொண்டிருந்தார்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று குறித்த 1876-இன் இந்தியர் சட்டம், யார் பூர்வகுடி என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையே அரசின் கையில் கொடுத்தது. பூர்வகுடிப் பெண் வெளியாளைக் கட்டினால் அவளுடைய பூர்வகுடி உரித்து போய்விடும். 1985 வரை அப்படித்தான். மேற்குக் கரைப் பூர்வகுடிகள் விருந்து வைத்துப் பரிசுகளை வாரி வழங்கும் பொட்லாட்ச் சடங்கு 1885 முதல் 1951 வரை குற்றம். எல்லாவற்றிலும் கொடியது பிள்ளைகளைப் பிரித்தெடுத்ததுதான். 1920-இல் பாடசாலையைக் கட்டாயமாக்கியபோது, இந்தியர் விவகாரத் துறையின் உயரதிகாரி டங்கன் காம்ப்பெல் ஸ்கொட் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: கனடாவின் பொதுச் சமூகத்தில் கரைந்துபோகாத ஒரு பூர்வகுடிகூட மிஞ்சாத நிலை வரும்வரை இந்த வேலை தொடரும். 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பாடசாலைகளுக்குள் போனார்கள். அங்கே காசநோயில் பிள்ளைகள் சாகிறார்கள் என்று மருத்துவர் பீற்றர் பிரைஸ் 1907-இலேயே அறிக்கை கொடுத்தார். அரசு அதைக் கிடப்பில் போட்டது. பெயர் தெரிந்து பதிவான இறப்புகளே 4,000-க்கும் மேல். கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990-களில்தான். 1986-இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எங்கள் ஆட்கள் 155 பேரை இந்த நாடு கரையேற்றியபோதும் அந்தப் பாடசாலைகள் சில இயங்கிக்கொண்டுதான் இருந்தன.

என் மகள் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். கல்விச் சபை பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, ஆசிரியைக்குச் சம்பளமும் கொடுக்கிறது. ழகரம் நாக்கில் வராமல் வாழைப்பழத்தோடு மகள் மல்லுக்கட்டும்போது வகுப்பே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். 1956-இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு என்னென்ன பட்டோம் என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சிரிப்பு பெரிய வரம். ஆனால் என் பிள்ளைக்கு அவளுடைய மொழியைக் கூப்பிட்டுக் கொடுக்கிற இதே நாடுதான், இந்த மண்ணுக்குரிய பிள்ளைகளின் வாயிலிருந்து அவர்கள் மொழியை அடித்துப் பறித்தது. இது என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது.

தோழி சொல்லித்தான் பிரான்ட்போர்டுக்குப் போனேன், ஒன்றரை மணிநேர ஓட்டம். 1970 வரை இயங்கிய மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற வதிவிடப் பாடசாலைக் கட்டடம் அங்கே இன்னும் நிற்கிறது. ஓயாமல் போட்ட கூழின் பெயரால் பிள்ளைகள் அதை ‘மஷ் ஹோல்’, அதாவது கூழ்க் குழி, என்றார்கள். கட்டடத்தின் பின்பக்கச் செங்கற்களில் அவர்கள் கீறிவைத்த பெயர்கள் இருக்கின்றன. சில ஆழமாக, சில அவசரமாக. இப்படிப்பட்ட பாடசாலைகளில் பிள்ளைகளை எண் போட்டுக் கூப்பிட்டார்கள். அவர்கள் ஆணியாலோ கல்லாலோ கீறியது தங்கள் பெயரை. ஓர் எழுத்தின் பள்ளத்தில் என் விரல் நுனி அப்படியே பொருந்தியது.

வந்த அன்றே முடியை வெட்டிவிடுவார்களாம். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் போய்விட்டேன். காலையில் அம்மா எண்ணெய் வைத்து இழுத்து இழுத்து இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டுவார். தலை வலிக்கிறது என்று நான் சிணுங்க, அசையாதே என்று முதுகில் ஒன்று வைப்பார். பக்கத்து வீட்டு வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து போய்க்கொண்டிருக்கும், அடுப்படியில் சம்பல் வாசம். அந்தப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய், அதே பின்னல் அவிழ்ந்து தொங்க வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான்.

நாங்களும் ஒடுக்கப்பட்டவர்கள், அவர்கள் வலி எங்களுக்குத் தெரியும் என்று எங்கள் ஆட்கள் மேடைகளில் சொல்வார்கள். பாதி சரி. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை: நாங்கள் வீடு வாங்கியிருப்பது அவர்களிடமிருந்து எடுத்த நிலத்தில். புதிதாக வருகிறவர்களுக்கு பூர்வகுடிகளோடு செய்த ஒப்பந்தங்களையும் வதிவிடப் பாடசாலைகளையும் பற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்தப் பாடசாலைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் கேட்டது. குடியுரிமை உறுதிமொழியில் முதற்குடிகள், இனுவிட், மெற்றிஸ் எனும் பூர்வகுடி மக்களின் உரிமைகள் 2021-இல் சேர்ந்தன. சேர்ந்தது நல்லதுதான். ஆனால் மண்டபத்தில் கையை உயர்த்தி அதைச் சொல்லிவிட்டு நேரே விருந்துக்குப் போய்விடுகிறோம்.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளை பிரான்ட்போர்டுக்குக் கூட்டிப்போவோம் என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகள், பயந்துவிடுவார்கள் என்றார் ஒரு தாய். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கும் இதே வயதுதான் அக்கா என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அப்படியென்றால் நானும் கூட வரவேண்டும் என்றார். ஆசிரியை செப்ரெம்பர் கடைசியில் ஒரு பஸ் பிடிக்கப் பார்க்கிறார். தோழியையும் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் சொல்லவில்லை.