பழைய ஆக்டேவியாவின் டர்போ: நான்கு ஆண்டுக் குறிப்புகள்

2021 ஜூலையில் 2005-ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றை வாங்கினேன். ஓடியிருந்த தூரம் 1,14,000 கிலோமீட்டர். கல்லூரியில் படித்த நாளிலிருந்தே மனதில் இருந்த கார் அது. 1781 சிசி, ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் மொத்தம் இருபது, கே03 என்ற சிறிய டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி), புத்தகத்தில் போட்டிருக்கும் திறன் 150 குதிரைத்திறன், முறுக்குவிசை 210 நியூட்டன் மீட்டர். இதில் இன்னும் எவ்வளவு வாங்கலாம் என்று ஆண்டுக்கு ஒரு வேலையாகச் செய்து பார்த்தேன். அந்தக் கணக்குதான் இது.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளக்காமல் எதையும் நம்ப மாட்டேன். அதனால் கையில் கார் வந்ததும் முதலில் வாங்கியது ஸ்பேனர் செட் கூட இல்லை. இன்ஜினின் கணினியான இசியூவோடு பேசும் விசிடிஎஸ் கேபிள்.

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி, அந்தக் கேபிளின் மென்பொருளில் 115-ஆம் பகுதியைத் திறந்தால் காற்றழுத்தம் தெரியும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் 965 மில்லிபார் காட்டியது. சென்சார் சரி என்பதற்கு அதுவே முதல் சாட்சி. அடுத்து, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நண்பர்கள் குழுவாக நேரம் எடுத்த ஒரு நாளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து இசியூவின் எண்களைப் பதிவு செய்தேன். பொதுச் சாலையில் இந்த வேலையைச் செய்வதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 3000 சுற்றிலிருந்து 6000 வரை போக 4.4 வினாடி ஆனது. இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவு உச்சத்தில் நொடிக்கு 101 கிராம். இந்த வகை இன்ஜின்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நொடிக்கு எத்தனை கிராம் காற்றோ, அதை 0.8-ஆல் வகுத்தால் ஏறக்குறையக் குதிரைத்திறன் கிடைத்துவிடும். 101-க்கு 126. அதாவது, பிறந்தபோது இருந்த 150-இல் 24 குதிரைகள் எங்கோ போய்விட்டன. இசியூ டர்போவிடம் 1600 மில்லிபார் அழுத்தம் கேட்கிறது, கிடைப்பது 1430.

இந்தக் கட்டத்தில் பலர் நேராக இசியூவின் மென்பொருளை மாற்றப் போய்விடுகிறார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "முதலில் ஓட்டையைக் கண்டுபிடிப்போம் தம்பி. ட்யூனிங் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றார்.

கசிவுச் சோதனைக்கான கருவியை நாங்களே செய்தோம். ஹார்டுவேர் கடையில் ஒரு பிவிசி மூடி வாங்கி, நடுவில் துளை போட்டு, ட்யூப்லெஸ் டயருக்கான வால்வைப் பொருத்தினோம். டர்போவின் வாயில் அந்த மூடியைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கி, கம்ப்ரசரிலிருந்து 15 பிஎஸ்ஐ காற்றை மெதுவாக விட்டோம். சோப்புத் தண்ணீர் தெளிக்கும் முன்பே சத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. மூன்று இடங்கள். வலப்பக்க முன்சக்கரத்தின் மேல் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும், அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, இன்ஜினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸின் புகையைக் கொண்டுபோகும் குழாய், தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. மிதியை விடும்போது மிஞ்சும் அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் திரை கிழிந்திருந்தது. பதினாறு ஆண்டு இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

இதில் நான் மிகவும் ரசித்துப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று. மேனிஃபோல்டு பக்கம் இருக்கும் ஒரே கசிவு இரண்டு எதிரெதிர்க் குற்றங்களைச் செய்கிறது. ஐடிலில் (மிதிக்காமல் ஓடும்போது) அங்கே வெற்றிடம் இருப்பதால் காற்று அளவு சென்சார் அளக்காத காற்று உள்ளே புகுந்து காற்று-பெட்ரோல் கலவை மெலிகிறது (பெட்ரோல் பங்கு குறைகிறது). பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்) ஏறியதும் சென்சார் அளந்து கணக்கில் எழுதிய காற்று அதே வழியாக வெளியேறி, கலவை தடிக்கிறது. இசியூவின் எரிபொருள் திருத்தக் கணக்கில் ஐடிலுக்குக் கூட்டலும் ஓட்டத்துக்குக் கழித்தலும் இருந்தால், ஹோஸ்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என் காரில் அப்படியேதான் இருந்தது.

ஹோஸ்கள், டைவர்ட்டர் வால்வு, டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஃபுல் சிந்தடிக் 5டபிள்யூ-40 ஆயில் எல்லாம் புதிதாக மாறின. ஸ்பார்க் பிளக் மட்டும், சூட்டை வேகமாக வெளியே கடத்தும், ஒரு படி குளிர்ந்த பிகேஆர்7இ போட்டு இடைவெளியை 0.7 மில்லிமீட்டராக வைத்தோம். கம்ப்ரஷன் பார்த்தபோது நான்கு சிலிண்டரும் 11.5 பாருக்கு ஒட்டியே இருந்தன. அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் இந்த இன்ஜினுக்குச் செலவு செய்யலாம் என்ற தைரியம் வந்தது. மறுபடி ஓட்டியபோது 118 கிராம், 3.9 வினாடி. திறன் கூட்டுவதற்கென்று ஒரு ரூபாய்கூட இன்னும் செலவழிக்கவில்லை.

2022 மே. வெளியே 37 டிகிரி. ஸ்பீட்வேயில் நான்கு சுற்று முடித்துப் பார்த்தால் இன்டேக் காற்று 68 டிகிரிக்கு ஏறியிருந்தது. நாக்கிங் (கலவை தானாக நேரம் தப்பி வெடிப்பது) சென்சார் குரல் கொடுக்க, இசியூ பற்றவைக்கும் நேரத்தை இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களில் 6 டிகிரி வரை பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. 91 ஆக்டேன் பெட்ரோலை விட்டு 95-க்கு மாறியதும் அது 4 ஆகக் குறைந்தது. மீதிக்குக் காரணம் சூடு. மட்கார்டுக்குள் இருக்கும் சிறிய இன்டர்கூலர் குளிர் நாடுகளில் போதுமானதாக இருக்கலாம். கொங்கு நாட்டுக் கோடைக்குப் போதாது. பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய இன்டர்கூலரைப் பொருத்தினோம். பம்பரின் உள் இரும்பைத் தொடாமல் குழாய்களை வளைத்துக் கொண்டுபோக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. அதே நான்கு சுற்று, அதே வெயில்: 46 டிகிரி. இந்தக் காரில் நான் செய்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

எக்ஸாஸ்டில் டர்போவை ஒட்டிய குழாயை மட்டும் சற்று அகலமாக்கினேன். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் அப்படியே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதை இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் படித்துவிட்டு இறங்க வேண்டும். புகையை அதிகமாக்கி, ஊரை எழுப்பும் சத்தத்தோடு வரும் குதிரைத்திறன் எனக்கு வேண்டாம்.

டிசம்பரில் மென்பொருள். கோவையிலேயே ஒரு ட்யூனரிடம் கொடுத்தேன். முதலில் வந்த மேப் (இசியூவுக்கான கட்டளை அட்டவணை) 2900 சுற்றில் 2150 மில்லிபார் கேட்டது. முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும் வேகம். அன்று மாலை வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். இரவு பதிவுகளைத் திறந்தபோதுதான் சங்கடமாக இருந்தது. காற்று 149 கிராம் என்றாலும் நாக்கிங் திருத்தம் மறுபடி 6 டிகிரிக்குப் போயிருந்தது. நேரம் 3.3 வினாடி.

நாங்கள் தினமும் பம்புக்கு வரைகிற வளைகோடு நினைவுக்கு வந்தது. ஒரு சின்ன மோனோபிளாக் பம்பை அதன் திறன்மிக்க பகுதியைத் தாண்டி ஓட்டினால், மின்சாரம் ஏறும், தண்ணீர் அதிகமாக வராது. மீதி ஆற்றல் எல்லாம் சுழற்சியாகவும் சூடாகவும் வீணாகும். கே03-யின் காற்றுச் சக்கரமும் ஓர் இம்பெல்லர்தானே. அதன் வரம்புக்கு வெளியே கேட்கிற ஒவ்வொரு மில்லிபாரும் காற்றை அடர்த்தியாக்குவதை விட அதிகமாகச் சூடாக்குகிறது. சூடான காற்றுக்கு இசியூ பற்றவைப்பைத் தள்ளிப்போடுகிறது. பூஸ்ட் மீட்டரில் முள் ஏறுவதைக் கண் பார்க்கிறது; பற்றவைப்பில் இழப்பதைக் கண் பார்ப்பதில்லை.

ட்யூனரிடம் இந்தக் கோடுகளை அச்செடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பொறுமையாகக் கேட்டார். உச்சத்தை 2000 மில்லிபாருக்கு இறக்கி, அதையும் 3300 சுற்றில்தான் தொடுமாறு வைத்து, 6000-இல் 1750-க்குச் சரியவிட்டார். கீழ்ச்சுற்றில் திடீரென்று எழும் முறுக்குவிசைதான் இந்த இன்ஜின்களின் மெல்லிய கனெக்டிங் ராடுகளை வளைக்கிறது என்பதால், 280 நியூட்டன் மீட்டரை வரம்பாக வைத்துக்கொண்டோம். புதிய மேப்பில் காற்று 146 கிராம். மூன்று கிராம் குறைவு. நாக்கிங் திருத்தம் 2 டிகிரிக்குள். நேரம் 3.1 வினாடி. அழுத்தம் குறைந்தது, கார் வேகமானது. அந்த இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த தாளை அலுவலக மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

2023 ஜனவரியில் பாலக்காடு சாலையில் நான்காம் கியரில் ஒரு லாரியை முந்தும்போது, சுற்றுமானி முள் 400 சுற்று துள்ளியது, வேகம் நகரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. 1,21,000 கிலோமீட்டர் உழைத்த பழைய கிளட்ச் அது, புதிய முறுக்குவிசையைத் தாங்கவில்லை. பட்ஜெட் போடும்போது கிளட்ச்சையும் சேர்த்தே போடுங்கள். எனக்கு மொத்தச் செலவில் அதுதான் மிகப் பெரிய தொகை. கியர்பாக்ஸ் இறங்கியிருந்தபோதே கிரான்க் பின்புற ஆயில் சீலையும் மாற்றிவிட்டோம்.

அதன்பின் சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு அளக்கும் ரோலர் சோதனையில் சக்கரத்தில் 154 குதிரைத்திறன் வந்தது. இன்ஜினில் 180-ஐத் தாண்டியிருக்கும் என்பது என் கணக்கு, 0.8 கைக்கணக்கும் 182 என்கிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். 2025-இல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமானபோது, எதையும் தொடாமலே எண்கள் நகரத் தொடங்கின. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனாலுக்கு அது ஏறக்குறைய 13.5. அதே காற்றுக்கு அதிக எரிபொருளை இன்ஜெக்டர் ஊற்றியாக வேண்டும். சாதாரண ஓட்டத்தில் இசியூ தானே திருத்திக்கொண்டது. திருத்தம் 4 சதவீதத்திலிருந்து 9-க்கு ஏறியது. முழு மிதியில் கலவையை அளக்க நான் தனியாகப் பொருத்தியிருந்த வைட்பேண்ட் சென்சார், 0.82-ஆக இருந்த லாம்டா (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.87-ஆக மெலிந்ததைக் காட்டியது. டர்போ இன்ஜினில், கோவை வெயிலில், அந்த மெலிவை அலட்சியம் செய்ய முடியாது. மேப்பில் எரிபொருளைக் கூட்டி மறுபடி 0.82-க்குக் கொண்டுவந்தோம். இன்ஜினுக்கு அருகில் இருக்கும் எரிபொருள் ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். கழற்றிய பழைய ஹோஸை நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்து நின்றது. 2005 காலத்து டர்போ கார் வைத்திருக்கும் யாராக இருந்தாலும், ட்யூனிங் செய்யாவிட்டாலும் சரி, இந்த வாரமே அந்த ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள்.

எத்தனால் ஆவியாகும்போது அதிகச் சூட்டை உறிஞ்சும். அதன் பலனும் தெரிகிறது: நாக்கிங் திருத்தம் இப்போது ஒரு டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்த இடைவெளியில் பற்றவைப்பை இன்னும் ஒரு டிகிரி முன்னே தள்ளலாமா என்று ட்யூனர் கேட்டிருக்கிறார். இன்ஜெக்டர் 6000 சுற்றில் 88 சதவீத நேரம் திறந்தே இருக்கிறது. அடுத்த ஞாயிறு நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, அளவுக் குடுவையில் வைத்து ஒவ்வொன்றின் ஓட்டத்தையும் அளந்த பிறகே அவருக்குப் பதில் சொல்வேன்.